இறுகிப்போன இழைப்பு மெஷினை இளக்குவது எப்படி?

'என் கணவர் தச்சு வேலை செய்தவர். அவர் காலத்துக்குப் பிறகு, வட்ட ரம்பமும் சேர்ந்த அவருடைய இழைப்பு மெஷின் நான்கு வருடமாகக் கொட்டகையில் ஓடாமல் கிடக்கிறது. ஐ.டி.ஐ முடித்த மகன் அதை மறுபடியும் ஓட்ட ஆசைப்படுகிறான். ஆனால், முன் மேசையை ஏற்றி இறக்கும் கைச்சக்கரம் ஒரு நூல்கூட நகரவில்லை. ரம்பத்தின் நட்டும் கழலவில்லை. சம்மட்டியால் இரண்டு போடு போட்டால் விட்டுவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எடைக்குப் போட்டுவிடுங்கள் என்கிறார் பழைய இரும்பு வியாபாரி. என்ன செய்யலாம்?'

- வாசகி, உடையார்பாளையம்.

சகோதரி, இரண்டு யோசனைகளையும் ஒரு வாரம் தள்ளி வையுங்கள்.

பழைய இழைப்பு மெஷின்களில் உடம்பும் மேசையும் பெரும்பாலும் வார்ப்பிரும்புதான். வார்ப்பிரும்பு அடிக்கு வளைந்து கொடுக்காது. விரிசல் விட்டு உடையும். உடைந்த மேசையை வெல்டிங் வைத்தாலும் பழைய மட்டம் திரும்புவது கடினம். ஆனால், இறுகிப்போன திருகு கெட்டால் லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். திருகை விடுவிக்கப் போய் மேசையை உடைத்துவிடக் கூடாது.

மரத்தூள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கருவேல மரம் மாதிரி துவர்ப்புள்ள மரத்தின் தூள் என்றால், இரும்பை இன்னும் வேகமாக அரிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். நான்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் மரைகளுக்கு நடுவே இருந்த சந்து இப்படித்தான் அடைபட்டிருக்கும். பழைய கிரீஸும் தூளும் சேர்ந்து பிசின்போலக் கெட்டியாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

முதல் வேலை, கரன்ட்டைத் துண்டிப்பது. மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரைக் கழற்றி மகன் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். பெல்ட்டையும் கழற்றிவிடுங்கள். உருளையிலுள்ள கத்திகள் துருவேறியிருந்தாலும் விரலை அறுக்கும். அதனால் உருளையின் மேல் கனத்த சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள்.

அடுத்து, மேசை பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மேசை நகராமல் பிடிக்கும் பூட்டுத் திருகு பக்கவாட்டிலோ அடியிலோ இருக்கும். அதைத் தளர்த்தாமல் சக்கரத்தோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறைய. சில மெஷின்களில், மேசை சறுக்கும் தடத்தில் ஓர் ஒல்லியான இரும்புப் பட்டை செருகியிருக்கும். அதை இறுக்கும் சிறு திருகுகளை எண்ணி, ஆளுக்கு அரைச்சுற்று தளர்த்துங்கள்.

பிறகு, தூளைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிரஷ்ஷில் டீசலைத் தொட்டுப் பழைய கிரீஸைக் கழுவுங்கள். துரு இளக்கும் ஸ்பிரே ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதைத் திருகின் மரை, சக்கரத்தின் கழுத்து, சறுக்குத் தடத்தின் ஓரம் ஆகிய இடங்களில் காலையும் மாலையும் அடியுங்கள். ஒவ்வொரு முறையும் கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். நான்கு நாள் பொறுமையாகச் செய்யுங்கள்.

ஐந்தாம் நாள் கைச்சக்கரத்தை முதலில் இறுக்கும் பக்கம் லேசாக அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். கொஞ்சம் அசைந்தால் அதோடு நிறுத்தி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். ஒரே மூச்சில் திருப்பினால் துருத்தூள் மரையில் சிக்கி மறுபடி இறுகும். சக்கரத்தில் நீளமான பைப்பைச் செருகி நெம்பாதீர்கள், ஆரக்கால் உடையும். சக்கரம் மட்டும் சுற்றி, மேசை நகராமல் இருந்தால், உள்ளே ஆணி வெட்டுப்பட்டிருக்கலாம் அல்லது மரை தேய்ந்திருக்கலாம். அதற்கு மேல் மெக்கானிக் வேலை.

அப்படியும் அசையவில்லை என்றால், திருகு நுழையும் நட்டைச் சுற்றிக் கொதிநீரில் நனைத்த துணியை மாற்றி மாற்றி வைத்து, ஈரம் துடைத்து, மறுபடி எண்ணெய் விடுங்கள். காஸ் வெல்டிங் நெருப்பு வேண்டாம். ஒரே இடம் சூடேறினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். டீசலும் மரத்தூளும் கிடக்கும் இடத்தில் தீப்பிடிக்கவும் செய்யும்.

ரம்ப நட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஓடும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக, ரம்பம் சுற்றும் திசைக்கு எதிராக இறுகும்படி அதன் மரையை வெட்டியிருப்பார்கள். ஆகவே, ரம்பம் சுற்றும் திசையிலேயே நட்டைத் திருப்பினால்தான் கழலும். பற்களின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அதுதான் சுற்றும் திசை. சில மெஷின்களில் இது நாம் வழக்கமாகக் கழற்றும் பக்கத்துக்கு நேர்மாறாக இருக்கும். தெரியாமல் திருப்பினால், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம். ரம்பத்தைக் கையால் பிடிக்காமல், பற்கள் குத்தி நிற்கும்படி ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள்.

எல்லாம் இளகிய பிறகு மேசையை முழுவதும் ஏற்றி இறக்கித் துடையுங்கள். சறுக்குத் தடத்தில் கிரீஸ் பூசினால் தூள் ஒட்டும். அதற்குப் பதில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள். உருளையைக் கையால் சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கை மாற்ற வேண்டும். நான்கு வருடம் கிடந்த மோட்டாரில் கரன்ட் கசிகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் சுவிட்சைப் போடக் கூடாது. கத்திக்கும் ரம்பத்துக்கும் மேல் மூடி இல்லாவிட்டால், முதல் பலகையை இழைப்பதற்கு முன் அதைச் செய்து மாட்டுங்கள்.

மேசையிலோ, பேரிங் உட்காரும் இடத்திலோ விரிசல் தெரிந்தால் மட்டும் பழைய இரும்பு வியாபாரியைக் கூப்பிடுங்கள். விரிசல் இல்லாவிட்டால், அந்த மெஷின் உங்கள் மகனுக்கு இன்னும் பல வருடம் உழைக்கும்.