வாங்காத கடனுக்கு யார் பொறுப்பு?

ஹட்டனில் எங்கள் கடைக்கு வரும் தோட்டத்துத் தம்பி ஒருவர், கடந்த வருடம் லீசிங்கில் ஓட்டோ எடுக்கப் போனார். சம்பளச் சீட்டு, பிணையாளர் எல்லாம் சரி. ஆனாலும் "கிறிப்பில் பெயர் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விசாரித்தால், அவர் வாசற்படியே மிதிக்காத ஒரு நிறுவனத்தில் அவர் பெயரில் தவணைக் கடன், அதுவும் நிலுவையில். எப்போதோ எதற்கோ கொடுத்த அடையாள அட்டைப் பிரதி யார் கையிலோ அகப்பட்டிருக்கிறது.

கிறிப் என்றால் கறுப்புப் பட்டியல் என்றே நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் தகவல் பணியகம் அது. வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் அனுப்பும் கணக்குகளைச் சேர்த்து வைக்கிறது. ஒழுங்காகக் கட்டியவர் பெயரும் அதில் உண்டு, மச்சானுக்காகப் பிணைக் கையெழுத்து வைத்தவர் பெயரும் உண்டு. கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது வங்கிதான்.

நமது அறிக்கையை நாமே கேட்டுப் பெறலாம், ஆனால் கட்டணம் உண்டு. இந்தியாவில் 2017 ஜனவரி முதல் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. இங்கே ஏன் முடியாது? ஒரு நாள் பேரை இழந்து டவுனுக்கு வரும் கொழுந்து பறிக்கும் பெண், தான் வாங்காத கடனைக் கண்டுபிடிக்கவும் காசு கொடுக்க வேண்டுமா? இதைப் பணியகமும் மத்திய வங்கியும் யோசிக்க வேண்டும்.

மோசடி என்று சந்தேகம் வந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்பந்தப் பிரதியைக் கேளுங்கள்; கையெழுத்து யாருடையது என்று தெரிந்துவிடும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் கையில் இருக்கட்டும். பணியகத்துக்கும் அறிவியுங்கள். ஆனால் அது தானாக எதையும் அழிக்காது, தகவல் கொடுத்த நிறுவனமே திருத்தி அனுப்ப வேண்டும். இழுத்தடித்தால் நிதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், மத்திய வங்கியின் 1935 இலக்கமும் இருக்கிறது.

வியாபாரிகளாகிய நாமும் சுத்தமில்லை. தவணைக்குச் சாமான் கொடுக்கும்போது வாங்கிய அடையாள அட்டைப் பிரதிகள் எத்தனை நம் லாச்சிக்குள் கிடக்கின்றன? கணக்கு முடிந்ததும் திருப்பிக் கொடுக்கிறோமா? நான் கொடுத்ததில்லை. இப்போது பிரதியின் குறுக்கே, எதற்காக வாங்கினேன் என்று திகதியுடன் எழுதி வைக்கிறேன்.

தம்பியின் கணக்கைத் திருத்த நான்கு மாதம் அலைந்தோம். அதற்குள் அவர் பார்த்து வைத்த ஓட்டோ வேறொருவருக்கு விற்றுப் போயிருந்தது.