அடைத்த எல்லையும் அரசின் கோடிகளும்

விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் மறுப்பே இல்லாமல் ஏற்கப்படுகின்றன. சீனப் பட்டாசும் சீன லைட்டரும் உள்ளே வராதபடி எல்லையை அடைத்துவிட்டால் சிவகாசி பிழைத்துக்கொள்ளும் என்பது ஒன்று. அரசு பல ஆயிரம் கோடி ரூபாயில் பெருந்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினால் தென்மாவட்டங்கள் நிமிர்ந்துவிடும் என்பது மற்றொன்று. தேர்தல் மேடை, சங்கக் கூட்டம், தீபாவளி நேரத்துப் பத்திரிகை என எங்கும் இவை சேர்ந்தே உலவுகின்றன. தொழிலின் நோயை இரண்டுமே ஊருக்கு வெளியே தேடுகின்றன. இரண்டும் எல்லாருக்கும் பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுவே.

முதலில் சீனப் பட்டாசு. கந்தகத்தோடு பொட்டாசியம் குளோரேட் முதலிய குளோரேட்டுகளைக் கலந்த வெடிபொருளைத் தயாரிப்பதையும் வைத்திருப்பதையும் இறக்குமதி செய்வதையும் மத்திய அரசு 1992 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டது. அந்தக் கலவை சிறு உரசலுக்கும் பற்றிக்கொள்ளும், ஆனால் மலிவு. கள்ளத்தனமாக வரும் சீனப் பட்டாசின் விலை குறைவுக்கு அதுவும் ஒரு காரணம். இது போக, எந்த வகைப் பட்டாசானாலும் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்ய முடியாது. அப்படி ஓர் உரிமம் யாருக்கும் கொடுக்கப்பட்டதில்லை என்றும், வெளிநாட்டுப் பட்டாசை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம் என்றும் 2014-இல் மத்திய அரசு வெளிப்படையாக அறிவித்தது. சட்டப்படி எல்லை அடைபட்டு வெகுகாலம் ஆகிறது. அடைத்த கதவை அடைக்கச் சொல்லும் கோரிக்கை ஆண்டுதோறும் எழுப்பப்படுகிறது.

கடத்தல் நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2025 தீபாவளிக்கு முன் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேறு சரக்கு என்று கணக்குக் காட்டி வந்த கன்டெய்னர்களில் சுமார் 5 கோடி ரூபாய்ப் பட்டாசை வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் பிடித்தது. மும்பையை ஒட்டிய நவசேவாவிலும் குஜராத் துறைமுகங்களிலும் அதே பருவத்தில் பறிமுதல் நடந்தது. பிடிபடாமல் போனதும் இருக்கும். ஆனால் நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இன்றும் சிவகாசி வட்டாரத்துச் சரக்குதான். சந்தையை இவ்வளவு கையில் வைத்திருக்கும் தொழில் தன் இழப்புக்கெல்லாம் கடத்தல்காரனைக் கைகாட்டுவது எய்தவன் இருக்க அம்பை நோவதாகும்.

லைட்டரின் கதை இன்னும் தெளிவானது. ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டித் தீப்பெட்டிக்காரர்களின் கணக்கு. தமிழக முதல்வர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் இறுதியில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் லைட்டர் உதிரிபாகங்களுக்கும் தடையை நீட்ட வேண்டியதாயிற்று. முழு லைட்டராக வர முடியாதது துண்டு துண்டாக வந்து இங்கே பூட்டப்பட்டது என்பதற்கு அந்த இரண்டாம் உத்தரவைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. விலையை வைத்துக் கோடு கிழித்தால் பில்லில் விலையை ஏற்றிப் போட்டுக்கொள்வது வணிகனுக்கு ஒரு வேலையா? தடை வேண்டாம் என்பது இதன் பொருளாகாது. தடையால் ஆகக்கூடியது எவ்வளவு என்பதைக் கேட்பவர்கள் அளந்து பார்த்ததில்லை. 14 ஆண்டுகள் ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானதற்குச் சிவப்புப் பாஸ்பரஸ், மெழுகு, அட்டை ஆகியவற்றின் விலையேற்றம் காரணம். அடுப்படியில் தீக்குச்சியின் வேலையைக் குறைத்தது சிலிண்டரும் தானாகப் பற்றும் அடுப்பும். இவற்றில் எதற்கும் சுங்கச்சாவடியில் மருந்து கிடையாது.

எல்லை வரி தொழிலைக் காத்த காலம் ஒன்று உண்டே என்று வாதிடலாம். வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. 1922-இல் அன்றைய இந்திய அரசு, தன் வருவாய்க்காக, இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டது. சுவீடன், ஜப்பான் தீப்பெட்டிகள் விலை ஏறின. அதே காலத்தில்தான் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பிச் சிவகாசியில் முதல் தீப்பெட்டி ஆபீஸை நிறுவினார்கள். ஊர்ப் பெருமை பேசுவோர் கதையை இங்கே நிறுத்திவிடுகிறார்கள். மீதியையும் சொல்ல வேண்டும். அதே வரிச்சுவரைச் சுவீடன் தீப்பெட்டிக் குழுமமும் பார்த்தது. வரி கட்டிச் சரக்கு அனுப்புவதற்குப் பதில் இந்தியாவுக்குள்ளேயே வந்து விம்கோ நிறுவனத்தை நிறுவியது. எந்திர பலம் கொண்ட எதிரியை எல்லை வரி வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து உட்கார வைத்தது. சிவகாசியின் கைத்தயாரிப்பு அதற்குப் பிறகும் பிழைத்ததற்கு உள்நாட்டு ஏற்பாடுகளே முதற்காரணம். 1934-இல் தொடங்கிய உற்பத்தி வரி பின்னர் ஆலையின் அளவுக்கேற்ற படிகளாக விரிந்து சிறிய ஆலைக்குச் சலுகை தந்தது. கந்தக பூமியின் வெயிலும், மழை பொய்த்த கரிசல்காட்டின் மலிவான உழைப்பும் சேர்ந்துகொண்டன. அந்த உழைப்பில் சிறுவர் கைகளும் இருந்தன என்பதைப் பெருமைக் கட்டுரைகள் சொல்வதில்லை. எல்லை வரியின் பங்கு தொடக்கத்தோடு சரி.

எல்லையை மீட்டுவிட்டால் எல்லாம் சரியாகும் என்று ஒரு நாடே நம்பி வாக்களித்ததன் விளைவு பிரிட்டனில் தெரிகிறது. 2016 வாக்கெடுப்பின்படி ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு அது வெளியேறியது. அயர்லாந்துத் தீவுக்குள் வேலி போட முடியாத நிலையில், 2021 ஜனவரி 1 முதல் வணிக எல்லை கடலுக்கு நகர்ந்தது. பிரிட்டனின் பெருநிலத்திலிருந்து அதே நாட்டின் வட அயர்லாந்துக்குப் போகும் சரக்குக்குச் சோதனையும் தாள்களும் தேவைப்பட்டன. வெளியே போட நினைத்த எல்லை வீட்டின் நடுவில் வந்து விழுந்தது. அதை மறைக்க எழுந்தது ஒரு பாலக் கனவு. ஸ்காட்லாந்தையும் வட அயர்லாந்தையும் பாலத்தாலோ சுரங்கத்தாலோ இணைக்கலாமா என்று போரிஸ் ஜான்சன் அரசு ஆராயச் சொன்னது. 2021 நவம்பரில் வெளியான அறிக்கை பாலத்துக்கு 33,500 கோடி பவுண்டும் சுரங்கத்துக்கு 20,900 கோடி பவுண்டும் ஆகும், முடிக்க ஏறத்தாழ 30 ஆண்டு பிடிக்கும் என்றது. குறுக்கே கிடக்கும் போஃபர்ட் பள்ளத்தில் பழைய போர்களின் வெடிமருந்து பத்து லட்சம் டன்னுக்கு மேல் கொட்டிக் கிடக்கிறது. திட்டம் அத்தோடு கைவிடப்பட்டது. தாள் வேலையைக் குறைக்கப் பிறகு உதவியது 2023-இல் வந்த விண்ட்சர் உடன்பாடு. அதில் கான்கிரீட் எதுவும் இல்லை.

சிவகாசிக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று. வெளியேறிய பிரிட்டன், ஐரோப்பாவின் சிஇ முத்திரைக்குப் பதிலாகத் தன் சொந்தத் தரமுத்திரையைக் கட்டாயமாக்க முயன்றது. தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் 2023 ஆகஸ்டில் 18 வகை விதிமுறைகளில் சிஇ முத்திரையைக் காலவரையின்றி ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. அந்தப் பதினெட்டில் பட்டாசும் ஒன்று. தரத்தை முடிவு செய்யும் இடம் எதுவோ அங்கேதான் எல்லை இருக்கிறது. வரைபடத்தில் கோட்டை எங்கே போட்டாலும் இது மாறவில்லை.

சிவகாசியின் சரக்கை நிறுத்தும் எல்லைகளும் அப்படிப்பட்டவையே. தேசிய நெடுஞ்சாலையில் தில்லியை நெருங்கும் பட்டாசு லாரியை நிறுத்துவது சீனா அல்ல. 2015-இல் கைக்குழந்தைகள் பெயரில் தொடுக்கப்பட்ட வழக்கில் 2017 அக்டோபரில் தில்லி வட்டாரத்தில் விற்பனை முடக்கப்பட்டது. 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் உப்புகளும் சரவெடியும் விலக்கப்பட்டன. வெடிக்கும் நேரமும் இரண்டு மணியாகச் சுருங்கியது. 2023-இல் பேரியத்தையும் சரவெடியையும் மறுபடி அனுமதிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2024 டிசம்பரில் தில்லி அரசு ஆண்டு முழுவதற்கும் தடை போட்டது. 2025 அக்டோபரில் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் சில நாள் வழிவிட்டது நீதிமன்றம். சரவெடியையும் பேரியம் நைட்ரேட்டையும் நம்பிய ஆலைகளுக்கு இதனால் விழுந்த அடியைக் கடத்தல் கன்டெய்னர்களின் அடியோடு ஒப்பிடுவதே தகாது.

நீதிமன்றத்தைத் திட்டுவதும் பயன் தராது. வடநாட்டுக் குளிர்காலக் காற்று நச்சாகிக் கிடக்கிறது. பட்டாசு அதற்கு ஆண்டு முழுவதற்குமான காரணம் இல்லை என்றாலும் தீபாவளி இரவில் அதன் பங்கை மறைக்க முடியாது. நீரி ஆய்வு நிறுவனம் வகுத்த பசுமைக் கலவைகள் வந்தன. கூடவே, பழைய மருந்தையே அடைத்த பெட்டிமேல் பசுமை முத்திரை ஒட்டும் பழக்கமும் வந்தது. விலக்கப்பட்ட பேரியம் ஆலைகளில் இன்னும் புழங்குகிறது என்ற விசாரணை அறிக்கை உச்ச நீதிமன்றம் வரை போனது. முத்திரையை நம்ப முடியாத ஊர் முழுத்தடையைக் கேட்கத்தான் செய்யும். அந்த நம்பிக்கையை மீட்க வேண்டியவர்கள் சிவகாசியில் இருக்கிறார்கள்.

இனி இரண்டாவது நம்பிக்கை. தென்மாவட்டங்களின் பெருந்திட்டக் கனவுகளில் மூத்தது சேது சமுத்திரக் கால்வாய். 2005 ஜூலை 2 அன்று மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தபோது மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். 2007-இல் ராமர் பாலம் தொடர்பான வழக்கில் வேலை நின்றது. கடலில் தூர்வாரக் கொட்டிய பணம் திரும்பவில்லை. மாற்றுப் பாதையை ஆராய்ந்த பச்சௌரி குழு அது பொருளாதார வகையிலும் சூழல் வகையிலும் தேறாது என்றது. இருந்தும் 2023 ஜனவரியில் திட்டத்தை மீண்டும் தொடங்கக் கோரித் தமிழகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. கட்சிகள் அனைத்தும் ஒரே குரலில் பேசும் அபூர்வத் தருணங்கள் இப்படித்தான் செலவாகின்றன.

விருதுநகர் மாவட்டத்துக்குள்ளேயே மற்றொரு பெருந்திட்டம் வந்திருக்கிறது. நாட்டில் அறிவிக்கப்பட்ட ஏழு பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்காக்களில் ஒன்று இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில், 1,894 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அமைகிறது. ஜவுளிக்கு அது நல்லதாக இருக்கலாம். பட்டாசுத் தொழிலாளிக்கு மாற்று வேலை கிடைத்துவிடும் என்று அதைக் காட்டுவதுதான் ஏற்கத் தக்கதாக இல்லை. மருந்து செலுத்தவும் திரி வைக்கவும் தெரிந்த நாற்பது, ஐம்பது வயதுப் பெண்ணை எந்தப் பின்னலாடை ஆலை, என்ன பயிற்சியோடு, என்ன கூலிக்கு எடுத்துக்கொள்ளும் என்ற கேள்விக்கு ஏக்கர் கணக்கில் பதில் இல்லை.

உலகப் பட்டாசு ஏற்றுமதியின் தலைநகரான சீனத்து லியூயாங் நகரம் கடற்கரையே இல்லாத ஹூனான் மாகாணத்தில் இருக்கிறது. தூத்துக்குடி சிவகாசிக்கு எவ்வளவு பக்கம் என்பதை எண்ணினால், குறைவது துறைமுகம் இல்லை என்பது புரியும். அமெரிக்க இறக்குமதியாளர்கள் 1989-இல் தங்களுக்கென ஒரு பட்டாசுத் தரச்சோதனை அமைப்பை ஏற்படுத்தி, சீன ஆலைகளிலேயே சரக்கைச் சோதித்து முத்திரையிடச் செய்தார்கள். ஐரோப்பாவுக்குப் போவது சிஇ சோதனையைத் தாண்டிப் போகிறது. வெடிபொருள் வகுப்பில் வரும் சரக்கைக் கப்பலில் ஏற்ற யாரையாவது இணங்க வைக்க வேண்டுமானால் அந்த மாதிரிச் சான்று கையில் இருக்க வேண்டும். சிவகாசியில் வெடிபொருள் துறையின் பட்டாசு ஆராய்ச்சி மையமும் நீரியின் மூலப்பொருள் சோதனை வசதியும் இருக்கின்றன. உலகம் ஏற்கும் சான்றை வழங்கும் அளவுக்கு அவற்றை வளர்க்க ஆகும் செலவு, ஒரு கால்வாயின் மண்ணை அள்ளும் செலவுக்கு அருகில்கூட வராது. திறப்பு விழாவுக்கும் பெரிய கல்வெட்டுக்கும் அதில் இடமில்லை. கோரிக்கைப் பட்டியலில் அது மேலே வராததன் காரணத்தை அங்கே தேடலாம்.

எல்லையும் பெருந்திட்டமும் சேர்ந்து மறைப்பது ஒன்று இருக்கிறது: பட்டாசு ஆலைகளின் வெடிவிபத்துகள். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: 38 பேர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம்: 20 பேருக்கு மேல். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி: ஒன்பது பேர். இடையில் நடந்தவற்றைப் பட்டியலிட்டால் பக்கம் போதாது. விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவை: உரிமம் ஒருவர் பெயரில் இருக்க அறை அறையாக உள்குத்தகைக்கு விடுவது, நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேர், கலந்த மருந்து மிச்சமாகிக் கிடப்பது, வெயில் உச்சத்தில் பேன்சி ரகத்துக்கு மருந்து செலுத்துவது, உரிமமே இல்லாத தகரக் கொட்டகைகளிலும் வீடுகளிலும் கருந்திரி. உள்குத்தகைக்கு எடுத்தவன் வாடகையை மீட்க வேகத்தைக் கூட்டுகிறான். வேகம் உரசலைக் கூட்டுகிறது. சீனச் சரக்கின் மலிவோடு போட்டி போடவே இந்த நெருக்கடி என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. சந்தையில் சிவகாசிச் சரக்கின் விலையைக் கீழே இழுப்பது பெரும்பாலும் சிவகாசியின் உரிமமற்ற சரக்கு என்பதை அவர்களும் அறிவார்கள்.

கடத்தல் சரக்கைப் பிடிப்பது சுங்கத் துறையின் கடமை; அதை விடாமல் செய்யட்டும். அதைச் சிவகாசியின் மீட்சித் திட்டமாக விற்பது ஏமாற்று. அடுத்த தேர்தலில் வேட்பாளர் சீனப் பட்டாசை ஒழிப்பேன் என்றோ இத்தனை ஆயிரம் கோடித் திட்டம் கொண்டுவருவேன் என்றோ மேடையில் சொன்னால், விருதுநகர் மாவட்ட வாக்காளர்கள் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: உள்குத்தகைக்கு விடும் எத்தனை உரிமங்களை ரத்து செய்ய வைப்பீர்கள், ஆலைகளைப் பார்க்கும் ஆய்வாளர் பணியிடங்களை எப்போது கூட்டுவீர்கள், வெளிநாடு ஏற்கும் சோதனைச் சான்றைச் சிவகாசியிலேயே கிடைக்கச் செய்ய எந்த ஆண்டு பட்ஜெட்டில் பணம் கேட்பீர்கள்?