பெரிசு சொன்னா சிரிப்பா?

பிள்ளைச்சாவடி டீக்கடையில் அந்த ரிட்டையர்டு பெரியவர் கையில் பேப்பர் கிடைத்தால் போதும், கருத்து தானாக வரும். செல்போன் பசங்களைக் கெடுத்துவிட்டது, ஈ.சி.ஆரில் பைக் ஓட்டுகிறவன் எமனிடம் டோக்கன் வாங்கியவன்... இதெல்லாம் எல்லா ஊர்ப் பெரிசுகளும் சொல்வதுதான், விட்டுவிடலாம். கடலரிப்புச் செய்தி வந்தால் மட்டும் ஒரே வரி: "துறைமுகத்துல கல்லைப் போட்டப்பவே நம்ம மணல் போச்சுப்பா." பசங்க சிரிப்பார்கள். துறைமுகம் எங்கே, பத்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் இந்த ஊர் எங்கே!

சிரிக்காதீங்க மக்களே. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியதும் அது தெற்கிலேயே தேங்கிவிட்டது. தெற்கே வரவு, வடக்கே பற்று! நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள், அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போனது. அங்கேயும் கல். நடுவில் கோட்டக்குப்பம் பக்கம் தமிழ்நாடு வேறு வருகிறது, ஆளுக்கொரு அரசு, ஆளுக்கொரு கல்.

2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்தார்கள், நகரத்துக்கு மணல் திரும்பியது. டூரிஸ்டுகளுக்குக் கொண்டாட்டம். பெரியவர் கேட்பது, "நமக்கு?"

நியாயம்தானே? தெற்கே தேங்கும் மணலை வாரி வடக்கே கொடுக்காமல் இங்கேயும் கல்லை மட்டும் கொட்டினால், அடுத்த ஊர் டீக்கடையில் இன்னொரு பெரியவர் இதையே சொல்லிக்கொண்டிருப்பார்.