உபயம்

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் மதுரையில் நீர்மோர்ப் பந்தல்கள் எழுந்துவிடுகின்றன. திருப்பரங்குன்றம் செல்லும் சாலையும் புறவழிச்சாலையும் கூடும் பழங்காநத்தம் போன்ற இடங்களில், பேருந்துக்குக் காத்திருப்போரும் சுமை இறக்குவோரும் கேட்காமலேயே ஒரு குவளை மோர் பெறுகின்றனர். பந்தலின் முகப்பில் கட்டிய பதாகையில் கொடுத்தவரின் பெயர் மோர்ப்பானையைக் காட்டிலும் பெரிதாகத் தெரியும். கோவில் மண்டபத்து மின்விசிறியின் இறக்கையிலும், பள்ளியின் இருக்கையிலும், பேருந்து நிழற்குடையிலும் இதே வழக்கம்தான். ‘உபயம்’ என்று ஒரு சொல். அதனருகே ஒரு பெயர். குழல்விளக்கின்மீது பெயரெழுதி அதன் ஒளியில் பாதியை மறைத்தவரைப் பற்றிய நகைச்சுவை தமிழ்நாட்டில் பல ஊர்களில் வழங்குகிறது.

மனிதர் ஏன் கொடுக்கின்றனர்? இரக்கத்தால் என்பது உடனே தோன்றும் விடை. அது முழுமையான விடை அன்று. நோய் நீங்கிய நன்றியில் கொடுப்பவர் உண்டு. இறந்தவரின் நினைவை நிலைநிறுத்தக் கொடுப்பவர் உண்டு. புண்ணியம் கருதியும், ஊரார் மதிப்பைக் கருதியும், வருமானவரிச் சலுகை கருதியும் கொடுப்பவர் உண்டு. நன்கொடைப் புத்தகத்துடன் வாசலில் நிற்பவர் தெரிந்தவராகிவிட்டால், மறுக்க நாணி நூறு ரூபாய் கொடுப்போரின் தொகை இவையனைத்தையும் விஞ்சக்கூடும். பெருநிறுவனங்களுக்கோ சட்டமே கட்டளையிடுகிறது. 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும். அதைக் கொடை என்பதைவிடக் கடமை என்பதே பொருந்தும்.

புறநானூற்றின் 134ஆம் பாடலில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், வள்ளல் ஆயைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்கிறார். இப்பிறப்பில் செய்தது மறுபிறப்பில் பயன் தரும் என்று கணக்கிட்டுக் கொடுப்பவனை அவர் வணிகனாகவே காண்கிறார். ஆய் அத்தகையவன் அல்லன் என்கிறார். இது மிக உயர்ந்த அளவுகோல். இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால் இன்றைய நீர்மோர்ப் பந்தல்களுள் பல தேறா. எனினும், ஆயின் பெயர் இன்று வரை நிற்பதற்குக் காரணம் புலவர் பாடியதே. அக்காலத்தில் பதாகை இல்லை, பாட்டு இருந்தது.

தாகம் தீர்ந்தவர் கொடுத்தவரின் உள்ளத்தைச் சோதிப்பதில்லை. ஆகவே நோக்கத்தை ஆராய்வது வீண் என்று வாதிடுவோர் உளர். இவ்வாதம் பாதியளவே சரி. நோக்கம் குவளையிலுள்ள மோரின் சுவையை மாற்றுவதில்லை. ஆனால், பணம் எந்தத் திசையில் செல்லும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. பெயர் பொறிக்க இடமுள்ள பொருளுக்குப் பணம் எளிதில் வந்து சேர்கிறது. பள்ளிக்கு ஒரு வகுப்பறை கட்டித்தர முன்வருவோரைக் காணலாம். அப்பள்ளியின் கழிவறையைத் தூய்மை செய்பவருக்கு மாதந்தோறும் ஊதியம் தர முன்வருவோரைக் காண்பது அரிது. விழா நடத்தி வழங்கப்பட்ட குடிநீர்த் தூய்மைக் கருவி, வடிகட்டியை மாற்ற ஆளின்றி மூன்றாம் ஆண்டில் வறண்டு நிற்கிறது. அப்போதும் அதன்மேல் எழுதிய பெயர் அழிவதில்லை.

பெயர் விரும்புவதுதான் இதற்குக் காரணம் என்று சொல்லிவிடவும் இயலாது. பழங்காலக் கோவில் கல்வெட்டுகளும் பெயர்ப்பலகைகளே. நந்தா விளக்கு ஏற்றக் கொடுத்தவர் யார், எந்த ஊரினர், யாருடைய நலத்துக்காகக் கொடுத்தார் என்பனவெல்லாம் அவற்றில் வெட்டப்பட்டுள்ளன. ஆனால், அவர்கள் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுச் செல்லவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்ற அளவில் மந்தையையும் சேர்த்துக் கொடுத்தனர். ஆடுகளைப் பெற்ற இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோவிலுக்கு அளக்க வேண்டும். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் அவற்றைக் குறிக்கின்றன. கிழ ஆடு இறக்கும், குட்டி பிறக்கும், மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையாது. விளக்கு நாளையும் எரிய வேண்டுமே என்ற கவலை அக்கொடையின் உள்ளேயே இருந்தது. இன்றைய கொடையில் பெரிதும் காணாமற்போனது இந்தக் கவலைதான்.

மதுரையை அடுத்த கொடிக்குளத்தில், பூரணம் அம்மாள் என்னும் வங்கிப் பணியாளர் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்குக் கொடுத்தார். அங்கிருந்த நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர இடம் தேவைப்பட்டது. பல கோடி ரூபாய் மதிப்புடைய அந்நிலத்தை, மறைந்த தம் மகளின் நினைவாக அவர் வழங்கினார். 2024ஆம் ஆண்டுக் குடியரசு நாளில் தமிழ்நாடு அரசு அவரைச் சிறப்பித்தது. இங்கும் ஒரு பெயர் இருக்கிறது. அது இழந்த பிள்ளையின் பெயர். ஆயினும் கொடையின் திசையைத் துயரம் முடிவு செய்யவில்லை, ஊரின் தேவை முடிவு செய்தது. நிலத்தை ஏற்ற அரசு ஆசிரியர்களையும் அமர்த்தி நடத்தும் என்பதால் விளக்கோடு மந்தையும் சேர்ந்துவிட்டது. பெருந்தொற்றுக் காலமான 2020இல், இரந்து வாழ்ந்த முதியவர் ஒருவர் மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு 10,000 ரூபாய் கொடுத்தார். ஒரு முறை அன்று, பலமுறை. செல்வம் மிகுந்தபின் கொடுப்போம் என்று காத்திருப்போர்க்கு அவரிடம் சொல்ல விடை இராது.

இதே நகரில் வேறு ஒரு வழியும் உண்டு. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்தக்கூடியவர் செலுத்துகின்றனர். அவ்வருவாயிலிருந்து, செலுத்த இயலாதவர் பார்வை பெறுகின்றனர். யார் எப்பிரிவுக்குச் செல்வது என்பது நோயாளியின் முடிவுக்கே விடப்பட்டது. பணம் செலுத்துபவர் தம்மை வள்ளலாக எண்ணிக்கொள்ள வாய்ப்பில்லை. பெறுபவர் எந்தத் தனிமனிதர் முன்னும் கைநீட்டத் தேவையில்லை.

மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரனும் மதுரைத் தெருக்களில் இரந்தவனே. பெற்ற உணவைக் கண்ணற்றோர், காதுகேளாதோர், ஆதரவற்றோர், நோயுற்றோர் ஆகியோர்க்கு முதலில் ஊட்டி, எஞ்சியதையே உண்டான். பின்னர்ச் சிந்தாதேவியிடம் அமுதசுரபியைப் பெற்றான். அவன்மீது சினந்த இந்திரன், பன்னிரண்டு ஆண்டுகள் மழையற்றிருந்த பாண்டிநாட்டில் மழையைப் பெய்வித்தான். விளைவு பெருகியது, உண்பதற்கு ஒருவரும் வரவில்லை. பசித்தவரைத் தேடி ஆபுத்திரன் கப்பலேறினான். காப்பியத்தில் அம்மழை ஆபுத்திரனுக்குத் தண்டனை. பசித்திருந்தோர்க்கோ அதுவே பெருங்கொடை. தம்மைத் தேடி எவரும் வராத நாளைக் கண்டு மகிழும் மனம் கொடுப்பவர்க்கு வாய்க்குமா என்பது கடினமான வினா.

1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு தொடங்கியபோது, ஊர்மக்கள் கொடுத்த நன்கொடையும் அதில் கலந்திருந்தது. நாளடைவில் அது அரசின் பொறுப்பாயிற்று. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை நெல்பேட்டையில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. அங்கு உண்ணும் குழந்தை எந்த வள்ளலுக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டதன்று. அவ்வுணவு அதன் உரிமை. அந்த அளவுக்கு இந்நகரில் மழை பெய்திருக்கிறது. எங்கும் பெய்துவிடவில்லை. இன்றைய ஆபுத்திரன் கப்பலேற வேண்டியதில்லை. பழங்காநத்தத்தில் பேருந்து ஏறி அரசு இராசாசி மருத்துவமனையில் இறங்கினால் போதும். உள்ளே படுத்திருக்கும் நோயாளிக்கு உணவு கிடைத்துவிடும். அவருடன் வெளியூரிலிருந்து வந்து, வாசலில் துண்டை விரித்து இரவைக் கழிக்கும் உறவினரை இரவு உணவு உண்டாயா என்று கேட்பவர் சிலரே.