மாணவர் விவரம்: எது பொது, எது இரகசியம்?

பாடத்திட்டம், கட்டணம், பட்டமளிப்பு நாள் ஆகியவை கல்லூரியின் பொதுத் தகவல்கள். மாணவரின் அடையாள அட்டை எண், மருத்துவ அறிக்கை, பெற்றோரின் சம்பளச் சீட்டு அப்படியல்ல. 2019 ஜனவரியில் யுஐடிஎம் பல்கலைக்கழக மாணவர்கள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததாகச் செய்தி வெளியானது.

2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம், சமயம், அரசியல் கருத்து, குற்றம் தொடர்பான விவரங்களுக்குக் கூடுதல் காப்பு தருகிறது. அடையாள அட்டை எண்ணும் சம்பளமும் அந்தப் பட்டியலில் இல்லை. மோசடிக் கும்பல் தேடுவதோ இவற்றைத்தான்.

2025 ஜூன் முதல், பெரும் பாதிப்பு தரக்கூடிய கசிவைத் தனியார் கல்லூரிகள் ஆணையரிடம் தெரிவித்தாக வேண்டும். அது கசிந்த பிறகு நடப்பது. உபகாரச் சம்பளத்துக்காகத் தோட்டத்துப் பெற்றோர் கொடுக்கும் சம்பளச் சீட்டை யார் பார்க்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பதைக் கல்லூரி முன்கூட்டியே வகுக்க வேண்டும். பாரத்தை நீட்டும்போதே பெற்றோர் இதைக் கேட்பது நல்லது.