படிவம் நிரப்ப ஏன் களவெடுக்க வேணும்?

ஒரு உதவித்தொகைப் படிவம். வெள்ளிக்கிழமை கடைசித் திகதி. வியாழன் இரவு பத்து மணிக்குத்தான் எங்கட வட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது. பீடிஎஃப் கோப்பு. திறந்தால் பெயருக்கு ஒரு புள்ளிக்கோடு, முகவரிக்கு மூன்று புள்ளிக்கோடு. அதன் மேல கிளிக் பண்ணித் தட்டினால் ஒன்றும் நடக்காது.

"லினக்ஸில இதெல்லாம் சரிவராது மச்சான், விண்டோஸ் வைச்சிருக்கிற ஆரிட்டயும் குடு."

இந்த வசனத்தை நாங்கள் பல தடவை கேட்டிருக்கிறம். சொல்லியும் இருக்கிறம். எங்களில் சிலர் லினக்ஸுக்கு வந்ததே கொள்கையால் இல்லை, பழைய லப்டொப்பில் வேறொன்றும் ஓடாது எண்டதால்தான். அண்டைக்கிரவு ஒருத்தர் கிரக் பண்ணின எடிற்றரைத் தேடினார். இன்னொருத்தர் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் போட வேண்டிய படிவத்தை, ஆர் நடத்துறதெண்டே தெரியாத ஒரு இலவசத் தளத்தில் ஏற்றினார். மற்றவர்கள் விடிய போட்டோக்கொப்பிக் கடைக்குப் போய் பிரின்ட் எடுத்து, பேனையால் நிரப்பி, ஸ்கான் பண்ணலாம் எண்டு படுத்திட்டினம்.

இந்த மூன்றுமே தேவையில்லை எண்டதுதான் எங்கட கருத்து. பிழை லினக்ஸில் இல்லை. பீடிஎஃப் எண்டால் என்ன எண்டு எங்களுக்கும் விளங்கேல்லை, படிவம் செய்தவருக்கும் விளங்கேல்லை.

1993இல் அடோபி நிறுவனம் பீடிஎஃபைக் கொண்டு வந்தது, எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரித் தெரிய வேணும் எண்டுதான். 2008இல் அது சர்வதேசத் தரமாகவும் ஆகிவிட்டது. ஆகவே அதை வாசிக்கவும் எழுதவும் எவரும் மென்பொருள் செய்யலாம். ஆனால் பெரும்பாலான பீடிஎஃபுக்குள் பந்தி, வரி எண்டு ஒன்றும் இருக்காது. 'இந்த எழுத்தை இந்த இடத்தில் வை' எண்ட கட்டளைகள்தான் இருக்கும். அது அச்சடிச்சு முடிஞ்ச தாள் மாதிரி. அச்சடிச்ச தாளில் ஒரு பந்தியை அழிச்சு எழுதுவது விண்டோஸிலும் கரைச்சல்தான்.

ஆகவே "எடிட் பண்ண வேணும்" எண்டு சொல்லமுதல் எங்களுக்கு என்ன வேலை எண்டு கேட்க வேணும். படிவத்தில் உண்மையான நிரப்பும் பெட்டிகள் இருந்தால் ஒக்குலரோ ஃபயர்ஃபொக்ஸோ போதும். புள்ளிக்கோடு மட்டும் இருந்தால் ஸேர்னல்++ இல் திறந்து, கோட்டுக்கு மேல தட்டி, கையெழுத்துப் படத்தையும் ஒட்டி, திரும்பப் பீடிஎஃபாக எடுக்கலாம். 2022இலிருந்து ஃபயர்ஃபொக்ஸே பக்கத்துக்கு மேல எழுதவும் கீறவும் விடுகிறது. பக்கங்களைச் சேர்க்க, பிரிக்க, திருப்ப பீடிஎஃப் அரேஞ்சர் இருக்கு. எல்லாம் இலவசம், எல்லாம் எங்கட கணினிக்குள்ளேயே நடக்கும். அடையாள அட்டை இலக்கம் வெளியே போகத் தேவையில்லை.

உள்ளே அச்சான வசனத்தையே மாற்றுவதுதான் சிக்கல். லிப்ரே ஒஃபிஸ் ட்ரோவில் திறக்கலாம், ஒரு சொல், ஒரு திகதி எண்டால் சமாளிக்கலாம். நீண்ட தமிழ்ப் பந்தி எண்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகச் சிதறிப்போகும். அதுக்கு ஒரே மருந்து, செய்தவரிட்ட மூலக் கோப்பைக் கேட்பது.

இங்கதான் தமிழ்ப் படிவங்களின் கதை வருகிறது. எங்கட கைக்கு வரும் படிவங்களில் இன்னமும் கனக்க பாமினியில் அடிச்சவை. பாமினி தமிழ் மாதிரித் தெரியுமே தவிர, கணினிக்கு அது ஆங்கில எழுத்துதான். 'தமிழ்' எண்ட சொல்லைப் பிரதி பண்ணி வேறிடத்தில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி எண்டுதான் வரும். அதில் ஒரு சொல்லைத் தேடவும் ஏலாது. கண் தெரியாத நண்பருக்கு அதை வாசிச்சுக் காட்டும் மென்பொருளும் அந்த ஆங்கில எழுத்துக்களைத்தான் வாசிக்கும். யூனிகோடில் அடிச்ச படிவத்திலும் பெட்டிக்குத் தமிழ் இல்லாத எழுத்துருவைக் குடுத்திருந்தால், எங்கட பெயரைத் தமிழில் தட்ட வெறும் சதுரங்கள் வரலாம். ஸ்கான் பண்ணி அனுப்பினது எண்டால் அது வெறும் படம்.

"ஏன் இவ்வளவு பாடு? ஒரு கிரக் போட்டால் முடிஞ்சுது" எண்டு கேட்பீர்கள். கிரக்கோடு என்ன வைரஸ் வருகிறது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, அது ஒன்று. மற்றது, வழி இல்லாமல் களவெடுப்பது வேற, வழி இருக்கத் தேடாமல் களவெடுப்பது வேற. அதோட கிரக் பண்ணின எடிற்றராலும் பாமினியை யூனிகோட் ஆக்கேலாது. படிவம் அப்படியேதான் இருக்கும், அடுத்த வருசம் வரும் பிள்ளையும் அதே புள்ளிக்கோட்டோடுதான் மாரடிக்கும்.

அலுவலகங்களைக் குறை சொல்லமுதல் எங்களைப் பார்ப்பம். எங்கட மன்றத்தின் அங்கத்துவப் படிவம் என்ன மாதிரி இருந்தது? பாமினி. புள்ளிக்கோடு. சரிஞ்ச ஸ்கான். நாங்களே செய்தது! லிப்ரே ஒஃபிஸ் ரைட்டரில் யூனிகோடில் அடிச்சு, படிவப் பெட்டிகளை வைச்சு, தமிழ் எழுத்துருவைக் குடுத்து பீடிஎஃபாக ஏற்றுமதி செய்ய எங்களுக்கு ஒரு பின்னேரம்தான் போனது. ஏற்றுமதி செய்யும்போது மூலக் கோப்பையும் பீடிஎஃபுக்குள்ளேயே வைக்க ஒரு தெரிவு இருக்கு. அடுத்த வருசச் செயலாளர் எங்களைத் தேடத் தேவையில்லை, அதைத் திறந்து திகதியை மாற்றினால் சரி.

அந்த உதவித்தொகைப் படிவத்தை அண்டைக்கிரவே பதினொன்றரைக்கு ஸேர்னலில் நிரப்பி முடிச்சம். படுத்த ஆக்களையும் எழுப்பினம். வெள்ளி காலமை அனுப்பின மின்னஞ்சலில் கடைசியாக ஒரு வரி சேர்த்தம்: "அடுத்த முறை இதை யூனிகோடில், நிரப்பக்கூடிய படிவமாகத் தர முடியுமா? செய்து தர நாங்கள் தயார்." பதில் இன்னும் வரேல்லை. நீங்களும் ஒருக்கா எழுதிக் கேளுங்கோ. ஒரு ஆள் கேட்டால் கரைச்சல், ஐம்பது பேர் கேட்டால் தேவை.