இரண்டாவது திரை தெரியவில்லையா? ஃபார்மட் செய்யும் முன் ஒரு நிமிடம்

கொஞ்சம் நீளமான பதிவு. லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

ஏனாத்தூர், காஞ்சிபுரம் பக்கம் ஒரு பழக்கம் பரவி வருகிறது. இரண்டாவது மானிட்டரோ புரொஜெக்டரோ தெரியவில்லை என்று கணினியைக் கடைக்குக் கொண்டுபோனால், "லினக்ஸ்ல இதெல்லாம் வராது சார், ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுடலாம்" என்கிறார்கள். நாமும் தலையாட்டுகிறோம். கல்லூரிப் பிள்ளையின் புராஜெக்ட், சேலை டிசைன் போடுபவரின் பல மாத பார்டர் வரைபடங்கள் எல்லாம் அதோடு போய்விடுகின்றன. புதிதாகப் போட்டதற்கு உரிமம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் பாவு முழுவதையும் அறுத்துப் போடுவாரா? எந்த இழை என்று தேடி, முடிச்சுப் போட்டு மேலே நெய்வார். இங்கும் அதுதான் வழி.

1. முதலில் கேபிள். வேறு கேபிள், வேறு மானிட்டர் மாட்டிப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருக வேண்டும். லேப்டாப்பின் டைப்-சி துளைகள் எல்லாமே படத்தை அனுப்புவதில்லை. சில சார்ஜுக்கும் தகவலுக்கும் மட்டும்தான்.

2. லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கிப் பாருங்கள். அதில் இரண்டாவது திரை தெரிந்தால் வன்பொருளில் குறையில்லை, மென்பொருள் அமைப்பில்தான் சிக்கல்.

3. அடுத்து டிரைவர். என்விடியா கார்டு என்றால் முதல் சந்தேகம் இங்கேதான். செக்யூர் பூட் இயங்கும்போது, கையொப்பமில்லாத டிரைவரை லினக்ஸ் ஏற்றாது. கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு சிக்கல் வந்திருந்தால், துவக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். நிறுவும்போது சேர்த்த 'நோமோட்செட்' என்ற சொல் துவக்க அமைப்பில் அப்படியே தங்கியிருந்தாலும் இரண்டாவது திரை வராது. அதை நீக்க வேண்டும்.

4. திரை தெரிகிறது, ஆனால் படம் மங்கலாக, குறைந்த அளவில் வருகிறதா? ஒவ்வொரு மானிட்டரும் தன் அளவுகளை 'ஈடிட்' என்ற சிறு குறிப்பாகக் கணினிக்குச் சொல்லும். பழைய விஜிஏ கேபிளிலும் ஸ்ப்ளிட்டரிலும் அந்தக் குறிப்பு வந்து சேராமல் போவதுண்டு.

லினக்ஸில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2012-ல் என்விடியாவை மேடையில் கடுமையாகத் திட்டினார். 2022-ல்தான் அந்த நிறுவனம் தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. கடைக்காரரையும் நான் குறை சொல்லமாட்டேன். அரை மணி நேரத்தில் வேண்டும் என்று நிற்பவர்கள் நாம்தானே!

என் ஆதங்கம் வேறு. 2011-ல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, விண்டோசோடு பாஸ் லினக்சும் அதில் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய நம் ஊர்ச் சரக்கு! எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்கள்? கருவியைக் கொடுத்தோம், பழுது பார்க்கச் சொல்லித்தரவில்லை. கேரளத்தில் பள்ளிகளே லினக்ஸில் இயங்குகின்றன, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்களும் அங்கே உண்டு. நம் பிள்ளைகளுக்கு மட்டும் அறிவு குறைவா என்ன?

ஒவ்வொரு பள்ளியிலும் வாரம் ஒரு மணி நேரம் போதும். கேபிள், டிரைவர், அமைப்பு என்று வரிசையாகச் சந்தேகப்படக் கற்ற பிள்ளை நாளை எந்த இயந்திரத்தைக் கண்டும் மிரளாது. பதவியில் இருக்கும் ஆசிரிய நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஃபார்மட் செய்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும், முதலில் கோப்புகளை வேறொரு டிஸ்கில் எடுத்து வையுங்கள். சிக்கல் உள்ளவர்கள் கார்டின் பெயர், லினக்ஸ் பதிப்பு இரண்டையும் கமென்டில் எழுதுங்கள். தெரிந்தவர்கள் சொல்வார்கள்.